சப்பர ஜீப்பும் எட்வினின் வலது காலும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருடமாகிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு நோட்டை எடுத்து வைப்பேன், இரண்டு பக்கம் எழுதுவேன், கிழித்துப் போடுவேன். எட்டாம் வகுப்போடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை வருமே என்று ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், நான் செய்த தப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறதே என்பது. இப்போது எழுதாமல் இருந்தால் வேறொரு தப்பு நடந்துவிடும் போலிருக்கிறது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் அருளப்பன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத் தோட்டத்தில் பிறந்தவன். கம்பம்மெட்டில் பஞ்சர் கடையில் தொழில் கற்றேன். மனைவி பிலோமினா நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனபோது நானும் பின்னாலேயே போனேன். அங்கே கார் பந்தயக் கம்பெனி ஒன்றில் டயர் மாட்டுகிற வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனியின் காரை ஓட்டியவர்தான் எட்வின்.

அவர் ஓட்டியது, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகுமே, அந்த மாதிரிக் கார் இல்லை. டூரிங் கார் என்பார்கள். வெளியே பார்த்தால் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிற கார் மாதிரியே இருக்கும். உள்ளே சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்பார்கள். இருபது முப்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும். கண்ணாடி பறக்கும், பம்பர் தொங்கும். ஜெயித்தவர் காரில் அடுத்த ஓட்டத்துக்கு எடைக்கட்டிகளை ஏற்றிவிடுவார்கள். ஜெயித்தவனுக்குச் சுமை என்கிற அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கும். ஆண்டவரும் அப்படித்தானே பல பேரை நடத்துகிறார்.

எட்வின் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். காலையில் ரொட்டி போட்டுவிட்டு, சேர்த்த காசில் பழைய கார் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் ஓட ஆரம்பித்தாராம். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். வருடக் கோப்பையில் இரண்டு தடவை இரண்டாமிடம். முதலிடம் ஒரு தடவையும் இல்லை. தோற்ற நாளிலும் டயர் கழற்றுகிற எங்களுக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போவார்.

ஒரு மழைநாள் ஓட்டத்தில் இன்னொரு கார் அவர் கதவில் வந்து மோதியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் செபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த நேர்ச்சையைச் செய்தேன். "செபஸ்தியாரே, இந்த மனுஷனைப் பிழைக்க வையும். இவரைக் கூட்டிவந்து உம்முடைய சப்பர ஜீப்பை ஓட்ட வைக்கிறேன்."

எங்கள் தோட்டத்துக் கோயிலில் தை மாதம் செபஸ்தியார் திருநாள். கீழே சமவெளியில் சப்பரத்தைத் தோளில் தூக்குவார்கள். எங்கள் ஏற்ற இறக்கத்தில் தூக்க முடியாது. அதனால் ஜீப்பின் மேல் புனிதரின் சுரூபத்தை வைத்து, பூவும் பல்பும் கட்டி, கோயிலிலிருந்து ரோட்டு முக்கில் சிலுவை நட்ட குருசடி வரைக்கும் இறக்குவார்கள். முன்னால் ஜனம் மெழுகுதிரியோடு நடக்கும். அந்த ஜீப்பை ஓட்டுவது எங்களுக்குப் பெரிய காரியம்.

எட்வின் பிழைத்தார். ஆனால் வலது கால் மூன்று இடத்தில் நொறுங்கியிருந்தது. வாக்குக் கொடுத்தபோது எனக்கு அது தெரியாது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். தடி ஊன்றி நடந்தார். ஸ்டீரிங்கை மட்டும் அதன் பிறகு தொடவேயில்லை. பந்தய மைதானத்தில் மைக்கில் பேசுகிற வேலைக்குக்கூட ரயிலில்தான் வருவார். கார் ஏறினால் பின் சீட்டு.

மற்றவர்கள் தங்கள் தலைமுடியை நேர்ந்துகொள்வார்கள். நான் அடுத்தவர் காலை நேர்ந்துவிட்டேன். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. பிலோமினாதான், "புனிதர்கிட்டக் கடன் வச்சிட்டு எப்படிங்க தூக்கம் வருது உங்களுக்கு" என்று விடாமல் கேட்டாள். கடைசியில் எட்வினிடம் பாதி உண்மையைச் சொன்னேன். "நீங்கள் பிழைத்தால் உங்களை எங்கள் கோயிலுக்குக் கூட்டிவருவதாக வேண்டிக்கொண்டேன்" என்றேன். "எனக்காக யாரும் இவ்வளவு தூரம் வேண்டிக்கொண்டதில்லை, வருகிறேன்" என்றார் அவர். ஓட்ட வேண்டும் என்கிற மீதிப் பாதியை நான் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தைத் திருநாளுக்கு நானும் எட்வினும் ஊருக்குக் கிளம்பினோம். முதல் நாள் கோபாலபுரத்தில் மைத்துனன் சகாயம் வீட்டில் இறங்கினோம். பிலோமினாவுக்குப் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம். கோயம்புத்தூர்ப் பேச்சுத்தான் அங்கே.

"ஏனுங்க மச்சான், அவுரு காரம் திம்பாருங்களா?" என்றான் சகாயம்.

"கேட்டுப் பாரேன்."

"எனக்கு இங்கிலீசு எங்கீங்க வருது. தயிரக் கிட்டத்துல வெச்சர்றனுங்க."

அரிசிம்பருப்புச் சாதம் போட்டார்கள், நெய் ஊற்றி. எட்வின் மூன்று தடவை வாங்கினார். அவர் ஊரில் மத்தியானம் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் எதையாவது வைத்து, நின்றுகொண்டே முடித்துவிடுவார்கள். இங்கே இலை போட்டு உட்கார வைத்து, போதும் என்றால் கோபித்துக்கொள்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம்.

சாப்பிட்டு முடித்ததும் சகாயம் புதிதாக வாங்கிய பழைய காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சாவியை ஒரு தட்டில் வெற்றிலை மேல் வைத்து நீட்டினான். "ஊட்டச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக் குடுக்கச் சொல்லுங்க மச்சான். ரேசுக்காரரு கைபட்டா ராசிங்க."

நான் மொழிபெயர்க்கும் முன்பே எட்வினுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போனது. காலைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறது என்றார். காலில் வலி இல்லை என்று எனக்குத் தெரியும். சகாயம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். என் பெட்டியின் அடியில் இருந்த மீதிப் பாதி அன்றைக்கு இன்னும் கனத்தது.

இரண்டாம் நாள் கம்பம் போகும் பஸ்ஸில் பின் டயர் போனது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை. கண்டக்டர் நடுரோட்டில் நின்று எதிரே வந்த இரண்டு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஒரு ஜாக்கி வாங்கினார். கைலியை மடித்துக் கட்டிய டிரைவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். என்னால் சும்மா உட்கார முடியவில்லை, இறங்கிப் போய் மண்டியிட்டு நட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எட்வின் தன் தொப்பியைக் கிண்ணம் மாதிரி ஏந்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நட்டுகளை அதில் போட்டேன்.

"எத்தனை நிமிடம்?" என்றேன், மாட்டி முடித்ததும்.

வாட்சைப் பார்த்தார். "ஐம்பத்திரண்டு. உன்னை வேலையிலிருந்து நீக்கியிருப்பார்கள்."

ஒரு கொய்யாப்பழக்காரி அவருக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட ஒரு கீற்றைக் கொடுத்தாள். கண்ணில் நீர் வழியத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். டிரைவர் என்னிடம், "வெளிநாட்டுல பஸ் கம்பெனியில இருக்காரா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

மூன்றாம் நாள் காலை கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்பில் ஏறினோம். பின்னால் பதினாலு பேர், தூக்குவாளிகளோடு. எட்வின் பின்னால் ஏறப் போனார். "தொரைய முன்னால உக்காரச் சொல்லுங்க, காலு நீளம்" என்று பெண்கள் விடவில்லை. வேறு வழியில்லாமல் முன்னால், கியர்க் கம்பியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

வளைவுக்கு வளைவு அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்தது. அவருக்கே தெரியாமல் மிதித்தார். பின்னாலிருந்து ஒரு அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்ணே, தொர தரையில பிரேக்கத் தேடுறாரு" என்றாள்.

"கெடச்சா நமக்கும் சொல்லச் சொல்லு. இந்த வண்டியில பிரேக்கு எங்க இருக்குன்னு டிரைவருக்கே தெரியாது" என்றாள் இன்னொருத்தி.

டிரைவர் திரும்பாமலே, "வாய அடக்குனா மேல போவோம். இல்லாட்டி எல்லாருமா மோட்சத்துக்குப் போவோம்" என்றான். எல்லாரும் சிரித்ததில் ஜீப்பே குலுங்கியது. என்ன சொன்னார்கள் என்று எட்வின் கேட்டார். நான் சொல்லவில்லை.

கம்பம்மெட்டில் இறங்கிக் பால் விடாத கட்டஞ்சாயாவும் மரவள்ளிக் கப்பைப் புழுக்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற வாசனை ரோடெல்லாம் இருந்தது. கடைக்காரர் மலையாளத்தில், "இவர் சினிமா எடுக்கிறவரா, எஸ்டேட் வாங்குகிறவரா?" என்று கேட்டார். திருநாளுக்கு வந்தவர் என்றேன். அப்படியானால் இன்னொரு கஷ்ணம் கப்பை வையுங்கள் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அதற்கு மேல் தள்ள முடியவில்லை. எட்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "யாரைக் கேட்டு என் காலை வைத்து வாக்குக் கொடுத்தாய்?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "டாக்டர் கேட்டார், கம்பெனிக்காரன் கேட்டான், என் பெண்டாட்டி கேட்டாள். மூன்று வருடமாக எல்லாரும் எப்போது ஓட்டுவாய் என்று கேட்கிறார்கள். நீ ஒருவன்தான் கேட்கவில்லை. அதனால்தான் உன்னோடு வந்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தடியை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். மத்தியானத்துக்கு மேல் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். என் சின்னம்மா வீட்டில் தங்கினோம். "பேரு என்ன?" என்று சின்னம்மா கேட்டாள். எட்வின் என்றதும், "நம்ம பெரியவன் பேருதான. பெறகு என்ன தொர, எட்வின்னே கூப்பிடுறேன்" என்று சொல்லி, மத்திக்குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். எட்வின் அவளிடம் மட்டும் சிரித்தார்.

நாலாம் நாள் விடிந்ததும் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அருளப்பா, நேர்ச்சைங்கறது அவனவன் தன்மேல போட்டுக்கறது. அடுத்தவர் மேல நீ போட முடியாது. அது செல்லாது. ஒரு மெழுகுதிரி கொளுத்து, நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணு, முடிஞ்சு போச்சு."

பாரம் இறங்கினது போல இருந்தது. எட்வின் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு ஒரு கடனும் இல்லையாம், சாமி சொல்லிவிட்டார். நாளைக்குச் சும்மா நின்று பார்த்தால் போதும்" என்றேன்.

அவர் முற்றத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். அதற்குப் பூக்கட்ட மூங்கில் வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்?"

"முன்னால் கிழவிகள் நடப்பார்கள். அவர்கள் வேகம்தான்."

"முந்தலாமா?"

"புனிதர் கோபித்துக்கொள்வார்."

கம்பம்மெட்டுக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "கட்டாயம் இல்லை என்றால் ஓட்டுகிறேன்" என்றார்.

அடுத்த சிக்கல் மரியசூசை அண்ணன். இருபத்திரண்டு வருடமாகச் சப்பர ஜீப்பை ஓட்டுகிறவர் அவர்தான். ஜீப்பும் அவருடையது. நான் விஷயத்தைச் சொன்னதும் பீடியைக் காலில் போட்டு மிதித்தார்.

"பெரிய ரேசுக்காரர்னா ஓட்டட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன். ஒருசந்தி இருக்கணும், செருப்புப் போடக் கூடாது, பக்கத்து சீட்டுல ஒரு ஈ காக்கா உக்காரக் கூடாது. சொல்லிட்டியா?"

"சொல்றேண்ணே."

"வேற ஒண்ணும் நான் சொல்றதுக்கில்ல. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது."

சாவியை என் கையில் கொடுக்காமல் ஜீப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒருசந்தி என்றால் சாயங்காலம் வரை சாப்பிடாமல் இருப்பது என்று எட்வினுக்கு விளக்கினேன். பந்தய நாளில் நானும் சாப்பிட்டதே இல்லை என்றார். கோயில் முற்றத்தின் சமதளத்தில் ஜீப்பை முன்னும் பின்னுமாக நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். முதல் தடவை எஞ்சின் அணைந்துவிட்டது. ஆனால் ஓட்டினார். நான் சுரூபத்தின் பக்கம் திரும்பவேயில்லை, அழுதுவிடுவேன் என்று.

ஐந்தாம் நாள் திருநாள். பூசை முடிந்து நாலு மணிக்குச் சுரூபத்தை ஏற்றினார்கள். மல்லிகையும் சாமந்தியும் கண்ணாடியில் பாதியை மறைத்தன. எட்வின் வேட்டி கட்டியிருந்தார், சின்னம்மா உபயம். இடுப்பில் பெல்ட்டும் போட்டிருந்தார். வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து, தடியை என்னிடம் கொடுத்தார். நான் கதவில்லாத வாசலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

முதல் கால் மணி நேரம் நல்லபடியாகப் போனது. ஜனம் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தது. அதன் பிறகு பலாமரத்து இறக்கம் வந்தது. எங்கள் ரோட்டிலேயே செங்குத்து அதுதான். கீழே வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம். ஜீப்புக்கு முன்னால் பத்தடியில் கையில் மெழுகுதிரியோடு நூறு பேர்.

எட்வின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினார். அந்தக் காலால் அவ்வளவு நேரம் மிதிக்க முடியவில்லை. முழங்கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. ஜீப் ஒரு தடவை உதறி முன்னால் பாய்ந்தது. யாரோ ஒரு பெண் கத்தினாள். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டார். மேலே செபஸ்தியார் ஒரு ஆட்டம் ஆடி நின்றார்.

"முடியாது. இவர்கள் மேல் ஏற்றிவிடுவேன். என்னை இறக்கு" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில்.

ஜனம் செபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செபஸ்தியாரே, தப்பு என்னுடையது, அவரை அவமானப்படுத்தாதேயும் என்று மட்டும் மனசில் சொன்னேன்.

அப்போது அந்தப் பக்கம் மரியசூசை அண்ணன் வந்து நின்றார். கூட்டத்தோடு பின்னால்தான் நடந்து வந்திருக்கிறார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தவர், "அடப்பாவி, லோ போடலையா நீரு?" என்றார். பிறகு என்னிடம், "தப்பு எம்மேல தம்பி. சொல்லியிருக்கணும். வீம்புல விட்டுட்டேன்" என்றார்.

எங்கள் பக்கத்து ஜீப்பில் பெரிய கியர்க் கம்பிக்கு அருகில் இன்னொரு சின்னக் கம்பி உண்டு. அதை இழுத்து லோவில் போட்டு, முதல் கியரில் விட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு செங்குத்தானாலும் மாடு நடக்கிற வேகத்தில் இறங்கும். பிரேக்கே வேண்டாம். தோட்டத்து டிரைவர்களுக்கு இது தாய்ப்பால் மாதிரி. பந்தயக் காரில் அந்தக் கம்பி ஏது? ஊரை விட்டுப் போய் டயரோடு இருந்த எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் உள்ளே கையை விட்டுக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிக் காட்டினார். சின்னக் கம்பியை இழுத்தார். முதல் கியர் விழுந்தது. பிறகு தன் வெறுங்கால் இரண்டையும் மாறி மாறித் தூக்கிக் காட்டினார்.

"காலு ரெண்டயும் எடுத்துரணும். ரெண்டயும். கைய மட்டும் வச்சிக்கோரும். சொல்லு தம்பி அவரிட்ட."

சொன்னேன். எட்வின் அண்ணனைப் பார்த்தார். "இருபது வருடம் எப்போது மிதிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எடு என்று ஒருவனும் சொன்னதில்லை" என்றார்.

"பயமா இருக்குன்னா நான் ஏசுவேன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

கைப்பிரேக்கை விட்டார். கிளட்ச்சிலிருந்து இடது காலை எடுத்தார். கடைசியாக, பிரேக்கிலிருந்து வலது காலை, இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்குவது போல எடுத்து, சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஜீப் உறுமியது. ஓடவில்லை. நடந்தது.

இறக்கம் முழுக்க அப்படியே போனோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன். அண்ணன் செபமாலைக்கு நடுவில் "கொஞ்சம் வலது, அருள் நிறைந்த மரியே, போதும் போதும், வாழ்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்வினுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் சரியாகத் திருப்பினார்.

குருசடியில் எஞ்சினை நிறுத்தியதும் வெகுநேரம் இறங்காமல் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். சாமி வந்து தலையில் கைவைத்தார். பிறகு ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பந்தி. கறிச்சோறு முன்னால் மரியசூசை அண்ணனும் எட்வினும் பக்கத்தில் பக்கத்தில்.

"எத்தன தடவ ஜெயிச்சிருக்காருன்னு கேளு" என்றார் அண்ணன்.

வருடக் கோப்பை கிடைத்ததில்லை, இரண்டு தடவை இரண்டாமிடம் என்றார் எட்வின்.

"அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிக்கிடுறாரு. நான் இருவத்திரெண்டு வருசமா ஒரு கிழவியக்கூட முந்துனதில்ல."

நான் சொன்னதும் எட்வினுக்குப் புரையேறிவிட்டது. அண்ணன்தான் முதுகில் தட்டினார்.

இங்கிலாந்து திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹார்ன் அடித்தது. எட்வின், முன் சீட்டில், தனியாக. உங்களைக் கோயிலில் விடுகிறேன், ஏறுங்கள் என்றார். நானும் பிலோமினாவும் ஏறினோம். பின்னால் எட்டுப் பத்துக் கார் ஹார்ன் அடிக்க அடிக்க, கிழவிகள் வேகத்தில் போனோம். பூசைக்குப் பிந்திவிட்டது.

இவ்வளவுதான் நடந்தது. போன வருடம் ஊருக்கு வந்தபோது கம்பம் ஜீப்பில் ஒரு பெண் இந்தக் கதையைப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. நடக்கவே முடியாத வெள்ளைக்காரன் ஒருவனைத் தூக்கி உட்கார வைத்தார்களாம். பலாமரத்து இறக்கத்தில் செபஸ்தியார் அவன் கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினாராம். ஜீப் தானாகவே குருசடி போய்ச் சேர்ந்ததாம். அவன் இறங்கி ஓடினானாம். மரியசூசை அண்ணன் அந்தக் கதையில் இல்லவே இல்லை. முதலில் சொன்னேனே, நடந்துவிடும் போலிருந்த வேறொரு தப்பு, அது இதுதான்.

எட்வின் இன்றைக்கும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். நான் கேட்ட வேளையில் வீம்பை விட்டுவிட்டு ஒரு மனிதர் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றார். அதுதான் புனிதர் எனக்குச் செய்த உதவி, எனக்கு அது போதும். ஆகையால் இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலோ அன்பியக் கூட்டத்திலோ பஸ்ஸிலோ அடுத்தவருக்குச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் அடுத்தவர் காலை நேர்ந்த தப்பையும் சொல்லுங்கள். அந்தச் சின்னக் கம்பியையும், அதை இழுத்துப் போட்ட கையையும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் செபஸ்தியாருக்குப் பெருமை கூடும் என்று நினைத்து ஒரு சொல்லையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.